மருந்தாய்வுத் திரையில் வரும் ‘குவெரி’: ‘ஐயவினா’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மருந்தாய்வில் சேர்ந்தவர்களின் விவரங்களைக் கணினித் திரையில் ஏற்றும் ‘எலக்ட்ரானிக் டேட்டா கேப்ச்சர்’ என்பதற்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய இழை இது. இத்தனை மடல்களுக்குப் பிறகும் ‘கேப்ச்சர்’ என்ற ஒரு சொல்லைத் தாண்டவில்லை. பிடிப்பு, கவர்வு, ஈர்ப்பு, திரட்டல் என நான்கு வந்துவிட்டன. என் கருத்து, ‘மின்தரவுப் பதிவு’ போதும். மருத்துவமனையில் யாரும் தரவைப் பிடிப்பதில்லை, பதிகிறார்கள். வார்டில் வேலை பார்த்த எவருக்கும் பதிவேடு தெரியும். அந்த மென்பொருளை ‘மின்பதிவேடு’ என்றால் ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள். பெயர் அதோடு இருக்கட்டும். வகுப்பில் ஆளைத் தடுமாற வைக்கும் சொற்கள் வேறு. அவற்றுக்காகத்தான் இந்த மடல்.

மருந்தாய்வு நடக்கும் மருத்துவமனைகளில் செவிலியருக்கும் ஆய்வு ஒருங்கிணைப்பாளர்களுக்கும் இந்த மென்பொருளைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் அதிகம். வேலையில் கெட்டிக்காரர்கள். நோயாளியிடம் பேசி விவரம் வாங்குவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை வெகுநாளாக உறுத்துகிறது. ஆய்வில் சேருகிறவருக்குத் தரும் ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறது. அவருக்குப் புரியும் மொழியில்தான் அது இருக்க வேண்டும் என்பது விதி. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. தமிழ் அந்தப் படிவத்தோடு நின்றுவிடுகிறது. நோயாளி தமிழில் சொன்னதைக் கேட்டு, தமிழில் யோசித்து, ஆங்கிலத் திரையில் ஏற்றுகிற செவிலியருக்கு நம்மிடம் ஒரு சொல்லும் இல்லை. அதன் விளைவைச் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையில் நடந்தது. எடையைப் பொறுத்து மருந்தளவு மாறும் ஆய்வு அது. ஒரு அம்மாவின் எடை 38.4 கிலோ. கேஸ் ஷீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. திரையில் 38.4 என்று தட்டி ‘சேவ்’ கொடுத்ததும் அந்தக் கட்டம் சிவந்தது, பக்கத்தில் ஒரு சின்னக் கொடி. மென்பொருள் இப்படி எழுப்பும் கேள்விக்குத்தான் ‘குவெரி’ என்று பெயர். 40க்குக் கீழே இருந்தால் ஒருமுறை கேட்க வேண்டும் என்று மென்பொருளில் வரம்பு வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த செவிலியர் அதைப் பார்த்தார். 38.4ஐ அழித்துவிட்டு 40 என்று போட்டார். காரணம் கேட்ட இடத்தில், பட்டியலில் முதலாவதாக இருந்த ‘டேட்டா என்ட்ரி எரர்’ என்பதைத் தேர்ந்தார். சிவப்பு போய்விட்டது. மூன்று வாரம் கழித்து, மூலமான கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வந்த கண்காணிப்பாளர்தான் கண்டுபிடித்தார். மருந்து கேஸ் ஷீட்டில் இருந்த எடைப்படியே கொடுக்கப்பட்டிருந்ததால் நோயாளிக்குத் தீங்கில்லை. தரவு மட்டும் பொய்யாகிப் போயிருந்தது.

அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து பேசினேன். “குவெரி வந்தா மாத்தணும்னுதானே சார்?” என்றார். ஏமாற்ற நினைத்தவர் இல்லை. குவெரி என்றால் ஏதோ தப்பு நடந்துவிட்டது, மேலிடத்திலிருந்து மெமோ வந்திருக்கிறது, சீக்கிரம் சரிசெய்துவிட வேண்டும் என்று புரிந்துகொண்டிருக்கிறார். அதற்கு முன் அவர் இருந்த அலுவலகத்தில் கணக்குத் தணிக்கைக்காரர்கள் எழுப்பும் ஆட்சேபத்துக்கும் ‘குவெரி’ என்றுதான் பெயராம். அந்தப் பயத்தோடு இங்கே வந்திருக்கிறார்.

அன்று இரவு யோசித்தபோது பள்ளியில் படித்த நன்னூல் நினைவுக்கு வந்தது. வினா ஆறு வகை: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. தமிழ்வழியில் படித்த எல்லாரும் மதிப்பெண்ணுக்காகவாவது மனப்பாடம் செய்த பட்டியல். அங்கே தெரிவது மனிதனா, மரக்கட்டையா என்று கேட்டால் ஐய வினா. கேட்பவருக்கு உண்மை தெரியாது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். “கடைக்குப் போகிறாயா?” என்று அம்மா கேட்டால் அது ஏவல் வினா. வடிவம்தான் கேள்வி, பொருள் ‘போ’ என்பது.

மென்பொருள் கேட்டது ஐய வினா. செவிலியர் காதில் விழுந்தது ஏவல் வினா. நடந்த பிழை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. இதைவிடத் தெளிவாக அதை என்னால் விளக்க முடியவில்லை.

ஆகவே ‘குவெரி’க்கு நான் முன்வைக்கும் சொல் ஐயவினா. ‘38.4 என்று இருக்கிறதே, உண்மையாகவே 38.4தானா, தட்டும்போது தவறியதா? உங்களிடம்தான் மூலம் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்’ என்பதுதான் அந்தச் சிவப்புக் கொடியின் பொருள். ‘ஆம், 38.4தான், மறுபடி எடைபோட்டுப் பார்த்தோம்’ என்பது முழுமையான விடை. எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இந்தச் சொல்லால் இன்னொரு பக்கமும் நன்மை. மென்பொருள் மட்டுமல்ல, தரவைச் சரிபார்க்கும் தரவு மேலாளரும் ஐயவினா எழுப்புவார்; அவருக்கும் இது பாடம். “எடையை 40 எனத் திருத்தவும்” என்று அவர் எழுதக் கூடாது. விடையை வாயில் ஊட்டும் கேள்வி ஆய்வைக் கெடுத்துவிடும். “எடை 38.4 கிலோ என உள்ளது. மூலக்குறிப்பைப் பார்த்து உறுதிசெய்யவும், தவறாயின் திருத்தவும்” என்று எழுத வேண்டும். ‘ஏவல் வினா எழுதாதே, ஐய வினா எழுது’ என்று ஒரே வரியில் இப்போது சொல்லிவிட முடிகிறது.

மாற்றாகத் தோன்றக்கூடிய சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். ‘வினவல்’ தரவுத்தளத் துறையில் ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது. அங்கே கணினியிடம் நாம் கேட்கிறோம், இங்கே கணினி நம்மிடம் கேட்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டினால் குழப்பம்தான். ‘விளக்கக் கோரல்’ அரசு அலுவலகத்தில் ‘ஏன் தாமதம், விளக்கம் தருக’ என்று வரும் கடிதத்தின் வாடை அடிக்கிறது. எந்தப் பயத்தைப் போக்க நினைக்கிறோமோ அதையே திரும்பக் கொண்டுவந்துவிடும்.

‘ஐயம்’ என்றால் சந்தேகம் ஆயிற்றே, செவிலியர் தன்மேல் சந்தேகப்படுவதாக நினைக்கமாட்டாரா என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. இதை நான் வகுப்பிலேயே கேட்டுப் பார்த்தேன். ‘சந்தேகப்பட்டார்’ என்றால்தான் கோபம் வருகிறது. ‘சந்தேகம் கேட்டார்’ என்றால் யாருக்கும் வருத்தமில்லை; வகுப்பில் மாணவர் கை தூக்குவதுதான் நினைவுக்கு வருகிறது. ‘வினா’ சேர்ந்ததும் ஐயம் ஆள்மேல் படாமல் கேள்வியோடு ஒட்டிக்கொள்கிறது. பேச்சிலும் இடறவில்லை. போனில் “மூணு ஐயவினா வந்திருக்கு, ரெண்டுக்கு விடை போட்டாச்சு, ஒண்ணு டாக்டரைக் கேக்கணும்” என்று ஒரு பெண் சொன்னதை நானே கேட்டேன். எழுப்புதல், விடையளித்தல், முடித்தல் என்று அதன் மூன்று நிலைகளும் தானாக வந்து சேர்கின்றன. ஆய்வு மையம் விடையளிக்கலாம், கேட்டவர்தான் முடிக்கலாம் என்ற வேறுபாட்டையும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அக்கா சாமுவேல் கிறீனை நினைவூட்டியதற்கு நன்றி. 1860களில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர் அவர். சொல் தேடும்போது முதலில் மக்களிடமும் ஏடுகளிலும் இருக்கும் தமிழைப் பார்ப்பது என்ற அவருடைய வழியைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன். ‘ஐயவினா’ நாம் ஆக்கிய சொல் இல்லை, இருந்த சொல்.

சரி, அடுத்தது ‘கேஸ் ரிப்போர்ட் ஃபார்ம்’. இதை ‘நேர்வு அறிக்கைப் படிவம்’ என்று மொழிபெயர்த்தது சரிதான் என்றாலும் பயன்படாது. நம் மருத்துவமனைகளில் ‘கேஸ் ஷீட்’ என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: கட்டில் ஓரத்தில் தொங்குகிற அட்டை, அதில் டாக்டர் எழுதுவது. அது மூலம். மருந்தாய்வின் ‘கேஸ் ரிப்போர்ட் ஃபார்ம்’ அதிலிருந்து எடுத்து நிரப்புவது. இரண்டும் ‘கேஸ்’ என்றே தொடங்குவதால், எது மூலம் எது நகல் என்பதே புதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. திரையில் நேரடியாகத் தட்டிவிட்டு, அதைப் பார்த்துப் பிறகு கேஸ் ஷீட்டில் எழுதியவர்களைக் கண்டிருக்கிறேன். குதிரைக்கு முன்னால் வண்டி. ஆகவே ஒன்றை மூலக்குறிப்பு என்றும், மற்றதை ஆய்வுப் படிவம் என்றும் சொல்லலாம். ‘கேஸ்’ இரண்டிலும் வேண்டாம்.

பதிவில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் ‘ஆடிட் டிரெயில்’ என்பதற்குத் ‘தணிக்கைத் தடம்’ அகராதிகளில் இருக்கிறது. எனக்கு அதில் திருப்தி இல்லை. ‘தணிக்கை’ என்றதும் ஒருவருக்குச் சினிமாவில் வெட்டுவது நினைவுக்கு வருகிறது, இன்னொருவருக்குக் கணக்குக்காரர். இங்கே எதையும் வெட்டுவதில்லை, வெட்டவிடாமல் வைப்பதுதான் அதன் வேலை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மின்பதிவுகளுக்காக 1997இல் கொண்டுவந்த 11ஆம் பகுதி விதி கேட்பதும் அதுவே: யார், எப்போது, எதை மாற்றினார் என்று கணினியே நேரத்தோடு குறிக்க வேண்டும், புதிய பதிவு பழையதை மறைக்கக் கூடாது. தாளிலும் இதே முறைதான். ஒரு கோடு போட்டு அடித்து, பழையது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போடுவது. வொயிட்னர் தொடவே கூடாது.

இதைச் சொல்லிக் கொடுக்கும்போது நம் ஆட்களுக்கு ஒரு தனித் தடை இருக்கிறது. ‘அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது’ என்று முதல் வகுப்பிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அடித்தல் என்றாலே அசிங்கம், மதிப்பெண் போய்விடும். ஆனால் பத்திரம் எழுதுகிறவர்களைக் கவனியுங்கள். அடித்தல் திருத்தல் வந்துவிட்டால் அதை மறைக்கமாட்டார்கள், பக்கத்திலேயே ஒப்பமிடச் சொல்வார்கள். மருந்தாய்வுக்குத் தேவை அந்தப் பத்திர எழுத்தரின் பழக்கம். அதனால் திருத்தச் சுவடு என்கிறேன். முதல்முறை பதிந்ததும் அதில் இருக்கும், அது திருத்தம் ஆகாதே என்று ஒருவர் சுட்டலாம். உண்மைதான். ‘பதிவுச் சுவடு’ இன்னும் துல்லியமாக இருக்கலாம். ஆனாலும் ‘திருத்தம் இருந்தால் குற்றமில்லை, அதன் சுவடு இருக்கிறது’ என்று வகுப்பில் சொல்ல முடிவதால் என் மனம் முதலதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த 38.4 கிலோ அம்மாவின் எடையை இன்று திரையில் திறந்தால் 38.4, 40, மறுபடி 38.4 என்று மூன்று வரிகள் காரணத்தோடு தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும்.

உண்மைத் தரவைத் தொடாமல் பழகிப் பார்ப்பதற்கான ‘சேண்ட்பாக்ஸ்’ என்பதை ‘மணல்தொட்டி’ என்று யாரும் பரிந்துரைக்க வேண்டாம். ஒத்திகைத் தளம் என்போம். நாடகம் போடுகிற ஊர்களில் ஒத்திகை தெரியாதவர் இல்லை. ஒருமுறை, ஒத்திகைத் தளமும் உண்மைத் தளமும் பார்க்க ஒன்றுபோல இருந்ததால், நான்கு நோயாளிகளின் விவரத்தை ஒருவர் ஒத்திகைத் தளத்திலேயே ஏற்றிவிட்டார். உண்மைத் தளம் காலியாகக் கிடந்தது. தலைப்பட்டையின் நிறம் மட்டுமே வேறு, அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பயிற்சி முடித்த சான்று கையில் வந்த பிறகுதான் உண்மைத் தளத்துக்குக் கடவுச்சொல் தருவது வழக்கம். அந்தக் கடவுச்சொல்லைப் பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுப்பது கையெழுத்தைக் கொடுப்பதற்குச் சமம். ‘மின்னொப்பம்’ என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எனக்குச் சொல் கிடைக்காத இடம் ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும். நோயாளிக்குத் தலைவலி எப்போது வந்தது என்பது மருந்தாய்வில் பெரிய விஷயம். முதல் வேளை மருந்துக்கு முன் வந்திருந்தால் அது பழைய நோய் வரலாற்றில் சேரும், பின் வந்திருந்தால் பாதக நிகழ்வாகப் பதிய வேண்டும். நாள் தெரியாவிட்டால் மாதமும் ஆண்டும் மட்டும் பதிய மென்பொருள் இடம் கொடுக்கிறது. இங்கேதான் சிக்கல். ‘ஆடியில வந்துச்சும்மா’ என்பார் பாட்டி. ஆடி, ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. ஜூலை என்று பதிவதா, ஆகஸ்ட் என்று பதிவதா? மாதமும் தெரியாது என்று பதிந்தால் ஆண்டு மட்டும்தான் மிஞ்சும். நன்றாகப் பழகிய செவிலியர் அங்கே நிற்கமாட்டார். “பதினெட்டாம் பெருக்குக்கு முன்னாடியா, பின்னாடியா பாட்டி?” என்று கேட்பார். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3. “பெருக்குக்கு மறுநாள், சித்திரான்னம் சாப்பிட்டு முடிச்சு” என்று பதில் வந்தால் முழுத் தேதியே கிடைத்துவிடுகிறது. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத திறமை இது. அதனால் பொங்கல், பங்குனி உத்திரம், ஆடிப்பெருக்கு என்று அந்த ஆண்டின் விசேஷ நாட்களை ஆங்கிலத் தேதியோடு ஒரு தாளில் அச்சடித்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்கிறேன்.

இந்த ‘பார்ஷியல் டேட்’ என்பதற்குத்தான் சொல் வேண்டும். ‘பகுதித் தேதி’ ஒட்டவில்லை. ‘முழுமையற்ற தேதி’ நீளம். ‘குறைத்தேதி’ என்று நானே சொல்லிப் பார்த்தேன், கட்டணக் குறைப்பு போல ஒலிக்கிறது என்றார் உடன் வேலை செய்பவர். அடுத்த வகுப்பு மாதக் கடைசியில். அதற்குள் தோன்றுவதை எழுதுங்கள்.

அன்புடன்