லிவர்ல கட்டின்னு ஸ்கேன்ல வந்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். பித்தப்பைல கல்லு இருக்கான்னு பாக்கத்தான் வயித்து ஸ்கேன் எடுக்கப் போனேன், கல்லு இல்ல, ஆனா ஈரல்ல 2.8 செ.மீ.க்கு ஏதோ வெள்ளையா தெரியுதுன்னு எழுதி கைல குடுத்துட்டாங்க, என்னன்னு கேட்டா "டாக்டர்ட்ட காட்டுங்க", அவ்ளோதான். அன்னிக்கு ராத்திரியே கூகுள பாத்து எனக்கு கேன்சர்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

டாக்டர் டிரைஃபேசிக் சிடி எழுதுனாரு, அதாவது ஊசில மருந்து ஏத்தி மூணு வேற வேற நேரத்துல படம் எடுக்குற ஸ்கேன். அதுக்கு முன்னாடி கிட்னி நல்லாருக்கான்னு பாக்க கிரியேட்டினின் டெஸ்ட். மருந்து ஏறுனப்ப தொண்டைலருந்து அடிவயிறு வரைக்கும் குப்புன்னு ஒரு சூடு, ஐயோ ஒன்னுக்கு போயிட்டோமோன்னு சத்தியமா நெனச்சேன். அப்புறம் படத்த காட்டுனாரு. மொதல்ல கட்டியோட ஓரத்துல மட்டும் திட்டு திட்டா வெள்ள, அடுத்ததுல அது உள்ள நகருது, கடைசில முழுசா நெறஞ்சிருச்சு. ஹெமாஞ்சியோமாவாம், ரத்தக்குழா முடிச்சு மாதிரி, ஒன்னும் பண்ண வேணாம்னு அனுப்பிட்டாரு.

---

நீங்க தப்பிச்சீங்க சகோ. எங்கப்பாக்கு ஹெபடைடிஸ் பி, ஈரல் தழும்பேறிப் போற சிரோசிஸ் வரைக்கும் போயிருச்சு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் எடுக்க சொல்லியிருந்தாங்க, நடுவுல ஒண்ண தள்ளிப் போட்டது நான்தான், கல்யாண வேல. அடுத்ததுல 3 செ.மீ. கட்டி. ஏஎஃப்பின்னு ஈரல் கேன்சருக்கு பாக்குற ரத்த டெஸ்ட் நார்மல்தான், அத நம்பி நிம்மதியா வேற இருந்தோம். சிடில உங்களோடதுக்கு நேர்மாறு, ஊசி போட்டு அர நிமிஷத்துலயே கட்டி பளிச்சுன்னு எரியுது, கொஞ்ச நேரத்துல சுத்தியிருக்க ஈரல விட கருத்துப் போகுது. வாஷ்அவுட்னு சொன்னாங்க. ஈரலுக்கு முக்காவாசி ரத்தம் குடல்லருந்து போர்ட்டல் வெயின் வழியாத்தான் வருதாம், இந்தக் கட்டி மட்டும் ஆர்ட்டரி ரத்தத்த இழுத்துக்குதாம், அதான் முந்திக்கிட்டு மின்னுது. ஊசி குத்தி சதை எடுத்துப் பாக்குற பயாப்ஸி பண்ணாம எப்படி கேன்சர்னு சொல்றீங்கன்னு அந்த டாக்டர்ட்ட நான் சண்டையே போட்டேன். சிரோசிஸ் இருக்கவங்களுக்கு படம் இப்படி வந்தா ஊசி குத்தாமயே சொல்லிரலாம்னாரு, பொறுமையா, ரெண்டு தடவ.

---

தங்கச்சிக்கு சிடில என்னன்னே சொல்ல முடியல, எம்ஆர்ஐ எடுத்தோம், பிரைமோவிஸ்ட்னு ஒரு மருந்து, வெல கூட. போட்டு 20 நிமிஷம் கழிச்சு கடைசி படம். ஈரல் செல்லு அந்த மருந்த எடுத்துக்கிட்டு வெளுக்குமாம், கேன்சர் கட்டி பெரும்பாலும் கருப்பா நிக்குமாம். இவளோடதும் ஈரலோட சேந்து வெளுத்துச்சு, எஃப்என்எச்னு சொன்னாங்க, கேன்சர் இல்லாத சாதாக் கட்டி. வெளிய நான் சாமிய கும்பிட்டுட்டு இருக்கேன், இவ அந்த டமடம சத்தத்துலயும் உள்ள தூங்கிட்டாளாம், மூச்ச புடின்னு சொல்றதுக்கு எழுப்ப வேண்டியதா போச்சாம்.