கலைச்சொல்: ‘காண்ட்ராஃப்ரீலோடிங்’ – உழைத்துண்ணலா, தேடியுண்ணலா?

குழுவினருக்கு வணக்கம்.

எளிதில் எடுக்கக்கூடிய தீனி பக்கத்திலேயே இருக்க, முயன்று பெறவேண்டிய அதே தீனியை விலங்கு நாடுவதைத்தான் ஆங்கிலத்தில் ‘காண்ட்ராஃப்ரீலோடிங்’ என்கிறார்கள். கால்நடை நலக் கையேட்டின் நான்காம் இயல், இதற்கான தமிழ்ச் சொல் ஒன்றுக்காகக் காத்துக் கிடக்கிறது. அதனால் சற்று நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘உழைத்துண்ணல்’ போதும். வள்ளுவரே வழிகாட்டியிருக்கிறார்: ‘தெண்ணீர் அடுபுற்கை ஆயினும் தாள்தந்தது உண்ணலின் ஊங்கினிய தில்.’

ஆத்தூர் ஐயா, இந்தக் குறளை நீங்கள் எடுத்துக் கொடுத்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அது இரவச்சம் அதிகாரத்துக் குறள் (1065). கையேந்தி வாங்கியதற்கு எதிரே நிறுத்தித்தான், தன் முயற்சியில் வந்த கூழ் இனிது என்கிறார். அந்த இனிமை மானத்தில் பிறப்பது. எலிக்கு ஏது அந்தக் கணக்கு? 1963இல் க்ளென் ஜென்சன் 200 வெள்ளை எலிகளை வைத்துச் சோதித்தார். கூண்டுக்குள் கிண்ணத்தில் தீனி இருந்தது. பக்கத்தில் ஒரு நெம்புகோல். அழுத்தினால் அதே தீனி விழும். கிண்ணம் கண்ணெதிரே இருக்க, நெம்புகோலை அழுத்தி அழுத்தித் தின்ற எலிகள் ஏராளம். இவ்வளவுதான் கண்டது. இதில் ‘உழைப்பு’ என்று எழுதினால், பார்த்ததைச் சொல்வதை விட்டுவிட்டுப் பாராட்டத் தொடங்கிவிடுகிறோம்.

பாராட்டு வந்தால் பின்னாலேயே வசவும் வரும். ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ஃப்ரீலோடிங்’ என்பதிலேயே ‘ஓசிச் சாப்பாடு’ என்ற இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் சொந்த வலி உண்டு. 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. வரிசையில் நின்ற எங்களை ‘ஓசிச்சோறு’ என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் தலை தெரிந்தாலே அலுமினியத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வேன். தட்டின் விளிம்பு விரலில் அழுந்தியது இன்றும் நினைவிருக்கிறது.

இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பசி ஏற ஏற இந்த நாட்டம் குறைகிறது என்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். நெம்புகோலுக்கு வேண்டிய பாடு கூடினாலும் குறைகிறது. பசித்த எலி கிண்ணத்துக்குத்தான் ஓடும். ‘உழைத்துண்ணல்’ என்று பெயர் வைத்தால் அது சோம்பேறி எலியாகிவிடும். அந்தத் தீர்ப்பை எழுதுவது பெயரின் வேலையில்லை.

> ‘இரைதேர் விருப்பு’ எப்படி? குறுந்தொகையில் ‘இரைதேர் வெண்குருகு’ உண்டு.

ஓமலூர்த் தம்பிக்கு: 113ஆம் பாட்டு. அழகான தொடர், நானும் முதலில் அங்கேதான் போய் நின்றேன். ‘இரை’ என்றால் வேட்டைப் பொருள் மட்டும்தான் என்று ஒருவர் மறுத்திருந்தார். நம் பக்கம் கோழிக்குப் போடும் தானியமும் இரைதானே, அதனால் அந்த மறுப்பை நான் ஏற்கவில்லை. என் தயக்கம் வேறு. 1970இல் தேவேந்திர சிங் எலிகளோடு குழந்தைகளையும் வைத்து இதே சோதனையைச் செய்திருக்கிறார். குழந்தை இரை தேர்ந்தது என்று எழுத எனக்குக் கை வராது. விலங்குக்கும் மனிதருக்கும் ஒரே சொல் வேண்டும்.

போன வாரம் கன்னங்குறிச்சியில் அம்மா வீட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரத் தட்டில் கம்பு. இரண்டடி தள்ளி, வைக்கோலில் கலந்து அதே கம்பு. நாட்டுப் பெட்டை தட்டில் நான்கைந்து கொத்து கொத்தியது. பிறகு வைக்கோலுக்குப் போய்விட்டது. இடதுகால் ஒரு சீய்ப்பு, வலதுகால் ஒரு சீய்ப்பு, ஓரடி பின்வாங்கித் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் ஒரு பார்வை, அப்புறம்தான் ஒரு மணி. நாமக்கல் பக்கம் பண்ணையிலிருந்து கழித்துவந்த வெள்ளை லெகார்ன் என்னும் முட்டைக் கோழி தட்டை விட்டு நகரவே இல்லை. அம்மா பெட்டையைப் பார்த்து, “கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுது பாரு” என்றார்.

இரண்டு கோழிகளை வைத்து எதையும் நிறுவ முடியாதுதான். ஆனால் 2002இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் மரச்சீவலில் தீனியைக் கலந்து பார்த்தபோதும், சிவப்புக் காட்டுக்கோழியிடம் இந்த நாட்டம் லெகார்னைவிடக் கூடுதலாக இருந்தது. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனத்தில் அது தேய்ந்திருக்கிறது. பூனை இன்னொரு பக்கம்: 2021இல் கலிஃபோர்னியாவில் 17 வீட்டுப் பூனைகளைப் பார்த்தார்கள்; பெரும்பாலும் தட்டில் இருந்ததைத்தான் தின்றன.

ஏன் இப்படி என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் இங்லிஸ், ஃபோர்க்மன், லாசரஸ் மூவரும் 1997இல் தந்தது. விலங்கு சீய்ப்பது உணவுக்காக மட்டுமல்ல, தகவலுக்காகவும். நாளைக்குத் தட்டு காலியானால் எங்கே என்ன கிடைக்கும் என்று இன்றே அறிந்துவைக்கிறது. தமிழில் இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்ல ஒரு சொல் தயாராக இருக்கிறது. உணவையும் தேடுகிறோம், அறிவையும் தேடுகிறோம். எனவே என் பரிந்துரை தேடியுண் நாட்டம்.

– கன்னங்குறிச்சியிலிருந்து

*

> அக்கா, ‘தேடியுண்ணல்’ என்றால் காட்டில் எல்லா உயிரும் செய்வதுதானே? கிண்ணம் பக்கத்திலேயே இருப்பது சொல்லில் வரவில்லையே. அம்மா சொன்ன பழமொழியை ஒட்டி ‘இருக்கத் தேடல்’ என்று வைக்கலாமா?

தம்பி, ஒரு நாள் முழுக்க உங்கள் சொல்லை வாயில் போட்டுச் சொல்லிப் பார்த்தேன். கிண்ணத்தை உள்ளே கொண்டுவரும் ஒரே சொல் இதுதான். ஆனால் தனியாகப் படிப்பவருக்கு, தங்கி ‘இருக்க’ இடம் தேடுவது போலக் கேட்கிறது. ஏற்காட்டில் அறை தேடுகிறவர் நினைவுதான் வரும். ‘இருப்பத் தேடல்’ என்றால் இன்னும் குழப்பம். ஆகவே அந்த ‘இருக்க’வை வரையறைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

பொதுவான செயலுக்குத் தேடியுண்ணல். அதைச் செய்யும் உயிர், ஊனுண்ணி போல, தேடியுண்ணி. நம் சொல்லுக்கான பதிவு இது:

தேடியுண் நாட்டம்: எளிதில் எடுக்கக்கூடிய உணவு அருகில் இருக்க, முயன்று பெறவேண்டிய அதே உணவை விலங்கோ மனிதரோ நாடுவது. பசி மிகும்போதும் முயற்சியின் பளு கூடும்போதும் குறையும். எல்லா இனங்களிலும் ஒரே அளவில் காணப்படுவதில்லை.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை இயல் அச்சுக்குப் போகிறது.