பிக் டார்பி ஓடையில் பார்த்தது சியோட்டோ மேட்டமா?

கேள்வி:
அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறு மதியம் மகளோடு பிக் டார்பி ஓடையில் இறங்கிக் கல் புரட்டுவது வழக்கம். போன வாரம் ஒரு தட்டைக் கல்லைத் தூக்கினால், அடியில் விரல் நீளத்தில் மீசையோடு ஒரு குட்டிக் கெளுத்தி. கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த கல்லுக்கடியில் புகுந்துவிட்டது. சியோட்டோ மேட்டம் என்ற குட்டிக் கெளுத்தி வகை இதே ஓடையில்தான் இருந்ததாமே, அதுவாக இருக்குமா?

பதில் 1:
மீன் கணக்கெடுப்புக்கு வலை பிடிக்கப் போகிறவன் நான். ஒவ்வொரு முறை வலையைத் தூக்கும்போதும் எனக்கும் இதே ஆசைதான். அதனால் இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

சியோட்டோ மேட்டம் மனிதர் கையில் சிக்கியது மொத்தமே 18. முதலில் பிடித்தவர் மீன் ஆய்வாளர் மில்டன் டிராட்மன், 1943-ல். 1957 இலையுதிர் காலத்தில் மட்டும் 14. அதோடு சரி. ஒன்றைத் தவிர எல்லாமே, சரளைக்கல் மேல் தண்ணீர் சலசலத்து ஓடும் ஒரே இடத்தில் கிடைத்தவை. 1969-ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோதே, கடைசியாகப் பார்த்து 12 வருடம் ஆகியிருந்தது. பெயர் கிடைப்பதற்கு முன்பே போய்விட்டதோ என்று நினைத்தால் தாங்கவில்லை. அழிந்துவிட்டதாக அமெரிக்க அரசு அறிவித்தது 2023-ல்தான்.

நீங்கள் பார்த்தது அதன் உறவுக்கார மீனான பிரிண்டில்ட் மேட்டமாக இருக்கலாம். முதுகுத் துடுப்பின் விளிம்பில் கருப்புத் திட்டு இருந்ததா? மகளிடம் சொல்லுங்கள், வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். பக்கத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, தேனீ கொட்டினது மாதிரி கடுக்கும்.

பதில் 2:
சியோட்டோ மேட்டம் அழிந்ததற்குக் காரணம் என்று சொல்வதில் முக்கியமானது வண்டல். வயல்மண் கரைந்து வந்து கல்லுக்கடியில் இருக்கும் இடுக்கை அடைத்துவிட்டால், இந்த மீனுக்கு ஒளிய இடமே இல்லை. நார்தர்ன் மேட்டம் என்ற இன்னொரு வகை வந்து போட்டியிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

கேட்டவர்:
கருப்புத் திட்டு இருந்தது என்கிறாள் மகள், நான் கவனிக்கவில்லை. இனிக் கல் புரட்டலாமா, கூடாதா?

பதில் 1:
கோடையில் வேண்டாம். மேட்டம்களில் ஆண் மீன்தான் கல்லுக்கடியில் முட்டையைக் காவல் காக்கும். சியோட்டோ மேட்டத்தின் முட்டையை யாருமே பார்த்ததில்லை. மற்ற நாட்களில் புரட்டினால், இருந்த பள்ளத்திலேயே, இருந்த பக்கமாகவே மெதுவாக வைத்துவிடுங்கள்.