சிக்காகோ பல்கலைக்கழகம் ஏன் புட்போலைக் கைவிட்டது?

ஹட்டன் ரக்பி ரசிகன்:
அமெரிக்கக் கல்லூரி புட்போல்ல சிறந்த வீரருக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் விருது, முதல்ல சிக்காகோ பல்கலைக்கழக வீரருக்காம். ஆனா நாலே வருஷத்துல அங்க அமெரிக்கன் புட்போலையே நிறுத்திட்டாங்களாம். கண்டி நித்தவளையில ரக்பி மட்டும் பார்த்த நமக்கு இது புரியல. விவரம் தெரிஞ்ச அண்ணமாரு சொல்லுங்க.

நாவலப்பிட்டி 8:
தம்பி, 1892லேருந்து 1932 வரைக்கும் ஒரே பயிற்சியாளர், அமோஸ் அலோன்சோ ஸ்டாக். 56 ஆட்டம் தோக்காம வந்த மிச்சிகனை 1905ல 2-0ன்னு மடக்கினாங்க. அந்த 2 புள்ளிக்குப் பேரு சேஃப்டி. பந்து வச்சிருக்கிறவரை அவரோட சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னால விழுத்தினா எதிரணிக்கு 2. ரக்பியில அதுக்குப் புள்ளியே இல்ல, பந்தை உள்ள கொண்டுபோனது அவங்கன்னா கோட்டுலேருந்து 5 மீட்டர்ல ஸ்க்ரம் (ரெண்டு அணியும் கோத்துத் தள்ளுறது), அவ்வளவுதான். நீங்க சொன்ன விருது 1935ல ஜே பெர்வாங்கருக்கு.

தலவாக்கலை மூடுபனி:
காரணம் பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ். 70 வயசானதும் ஸ்டாக்கை விலக வச்சாரு. ஆட்டக்காரருக்குன்னு புலமைப்பரிசில் கொடுக்கவும் மறுத்தாரு. நல்ல வீரர் வராம அணி கரைஞ்சது. 1939ல மிச்சிகன்கிட்ட 85-0, ஹார்வர்ட்கிட்ட 61-0, ஒஹாயோ ஸ்டேட்கிட்ட 61-0ன்னு தோத்தாங்க. (ரக்பியிலேயே இது பாவம்!) அந்த டிசம்பர்லயே மூடிட்டாங்க.

நாவலப்பிட்டி 8:
அதோட முடியல. 1969ல திரும்ப ஆரம்பிச்சாங்க. இப்போ கல்லூரி விளையாட்டோட மூணாவது மட்டமான டிவிஷன் 3, அந்த மட்டத்துல விளையாட்டுப் புலமைப்பரிசிலே கிடையாது. இன்னொண்ணு, 1942 டிசம்பர் 2ல முதல் அணு உலை இயங்கினது அவங்களோட பழைய புட்போல் மைதானத்து மேற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியிலதான்.