மெட்ராஸில் டியோடாண்ட் இருந்ததா?

வணக்கம். சட்ட வரலாறு தெரிந்தவர்கள் உதவுங்கள். வண்டி ஏறியோ மாடு முட்டியோ ஒருவர் இறந்தால், அந்த வண்டியோ மாடோ, அல்லது அதன் விலையோ அரசருக்குச் சேரும் என்பது இங்கிலாந்தின் பழைய 'டியோடாண்ட்' வழக்கம். லத்தீனில் 'கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது' என்று பொருள். போனது என்னவோ கஜானாவுக்கு! மரண விசாரணை ஜூரிகளே விலை வைப்பார்கள். 1841 சானிங் ரயில் விபத்துக்கு 1,000 பவுண்டு விதித்தார்கள். ரயில் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1846-ல் இதை ஒழித்துவிட்டு, இறந்தவர் குடும்பம் இழப்பீடு கேட்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த இழப்பீட்டுச் சட்டத்தின் சாயல்தான் நம் 1855 சட்டம்.

சரி, அதற்கு முன் மெட்ராஸ், கல்கத்தா கொரோனர்கள் (மரண விசாரணை அதிகாரிகள்) யாராவது டியோடாண்ட் விதித்ததுண்டா? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்தத் தொகுப்பில் தேடலாம்?