ஏழாம் நாளே முட்டு எடுத்த ஹால் வார்ப்பு

தக்கலை சூப்பர்வைசர்:
ஹால் குறுக்கே 16 அடி, அதாவது ஏறக்குறைய 4.9 மீட்டர். பலகை அடுத்த சைட்டுக்குப் போகணும்னு வார்ப்பு (கான்கிரீட் கூரை) போட்ட ஏழாம் நாளே அதைத் தாங்குற முட்டு எடுத்துட்டாவ. ரெண்டு சுவர் ஓரத்திலும் 2 இஞ்ச் கட்டை வச்சு, வார்ப்புக்கு அடியில நூல் இழுத்து அளந்தா நடுவுல ஒண்ணேகால் இஞ்ச்தான் நிக்குது. முக்கால் இஞ்ச் இறங்கியாச்சு. ஐ.எஸ். 456-ன்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி இருக்கு, அது கணக்குல 4.5 மீட்டர் அகலம் வரைக்கும்தான் 7 நாள்ல முட்டு எடுக்கலாம், அதுக்கு மேலன்னா 14 நாள். அதுவும் ஓ.பி.சி.ங்கிற சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு. இங்க போட்டது பி.பி.சி., சாம்பல் கலந்த சிமெண்ட், அது இறுகவே இன்னும் நாள் பிடிக்கும்.

குளச்சல் கம்பி வேலை:
அண்ணாச்சி, அவசரத்தை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. கம்பி கட்டி முடிஞ்ச பிறகு பிளானை மாத்துகேன்னு மூணு வாரம் போட்டு வச்சா உப்புக்காத்து சும்மா விடுமா? கம்பியைத் தடவினா கையில சிவப்புத் தூள் ஒட்டும், வயர் பிரஷ் போட்டே ஆகணும். பலகையில சிந்தின கட்டுக்கம்பித் துண்டைப் பொறுக்காம வார்த்தா, சீலிங்ல துருப்புள்ளி தெரியும். பெயிண்ட் அடிச்சாலும் திரும்ப வரும். யோசிக்க வேண்டியதைக் கம்பி இறக்குறதுக்கு முன்னாடியே யோசிக்கணும்.

மார்த்தாண்டம் எலெக்ட்ரிக்கல்:
ரெண்டு பேரும் வார்ப்புக்கு முந்தின நாளை விட்டுட்டியோ. அன்னைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினா போதும், கேட்டியளா. பேன் பாக்ஸ், பைப் எல்லாத்தையும் பிளானோட ஒண்ணொண்ணா ஒத்துப் பாருங்க. விட்டுப்போச்சுன்னா பிறகு சிப்பிங் மெஷின் வச்சுக் கொத்தணும், கம்பி அறுபடும். கம்பி பலகையில ஒட்டாம தூக்கி நிறுத்த கவர் பிளாக் வைங்க, ஜல்லித்துண்டு வேண்டாம், மிதிச்சா நழுவிடும். 1000 சதுர அடி, 5 இஞ்ச் கனம்னா 416 கன அடி. எம்20 தரக் கான்கிரீட்டுக்கு சுமார் 95 மூட்டை சிமெண்ட், பீம் தனி. மூட்டை குறைஞ்சு பாதியில ஆள் அனுப்பினா, அந்த இடைவெளியில பழைய கான்கிரீட்டும் புதுசும் ஒட்டாம ஜாயிண்ட் விழும், ஒழுக்கு அங்கேதான். கான்கிரீட்டை அதிர வச்சு இறுக்குற வைப்ரேட்டர் ரெண்டு இருக்கணும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தார்ப்பாயை மாடியிலேயே வச்சுக்கிடுங்க. சீக்கிரம் ஓடட்டும்னு மிக்சர்ல தண்ணி ஊத்த விடாதீங்க. மூட்டைக்கு 30 லிட்டர், ஈர மணல்னா அதைவிடக் குறைவு.

தக்கலை சூப்பர்வைசர்:
எல்லாம் சரிதான். இறங்கின வார்ப்பை இப்ப என்ன செய்ய?

குளச்சல் கம்பி வேலை:
ஜாக்கி வச்சுத் தூக்காதீங்க, மேல்பக்கம் வெடிச்சிரும். முட்டைத் திரும்ப வைங்க, அது வார்ப்பைத் தொட்டு நின்னா போதும், ஆப்பு இறுக்க வேண்டாம். 28 நாள் அப்படியே விடுங்க. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பாக்குற வரைக்கும் மாடியில செங்கல் அடுக்க விடாதீங்க.