மம்பட்டிக் கணை முறிஞ்ச அன்னைக்குத்தான் மண்ணை உருட்டிப் பார்த்தேன்

கள்ளிக்குடி கரிசல்:

சென்னையில 18 வருஷம் இருந்துட்டு ஊருக்குத் திரும்பி, வீட்டுக்குப் பின்னாடி கிடக்குற 10 சென்ட்ல காய்கறி போடலாம்னு இறங்கினேன். கரிசல் மண்ணு. காஞ்சா கை நுழையுற அளவுக்கு வெடிக்கும், நனைஞ்சா செருப்பைப் புடுங்கிக்கிடும். அதுலயே வளர்ந்தவன்தான், ஆனா சாமான் வாங்கும்போது எல்லாம் மறந்து போச்சு.

முதல்ல ஆன்லைன்ல பச்சைக் கைப்பிடி போட்ட செட்டு ஒண்ணு. குட்டிக் கரண்டி, மூணு பல்லு முள்ளு, ஒரு கையுறை. படத்துல பூந்தொட்டியில வச்சு எடுத்திருந்தாய்ங்க, அதைக் கவனிக்கல. முதல் குத்துலயே மூணு பல்லும் மூணு திசையைப் பார்த்துச்சு. அடுத்து கடையில பெரிய அகல மம்பட்டி ஒண்ணு வாங்கி, மழை பெஞ்ச மறுநாளே வெட்ட இறங்கினேன். வெட்டுக்கு வெட்டு அலகுல சேறு அப்புது. வெட்டுறதை விடச் சுரண்டுனதுதான் அதிகம். புரட்டிப் போட்ட கட்டியெல்லாம் நாலு நாள் வெயில்ல செங்கல்லா ஆயிருச்சு. அதை உடைக்கப் போயித்தான் கணை, அதான் மம்பட்டியோட கைப்பிடிக் கம்பு, முறிஞ்சது.

பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனேன். ஆசாரி கணையைப் பார்க்கவே இல்ல. "எந்த மண்ணு? என்னைக்கு வெட்டுனீங்க?"ன்னாரு. சொன்னதும் சிரிச்சாரு. "கணை மேல தப்பு இல்ல தம்பி."

வீட்டுல பழசு ஏதும் கிடக்கான்னு கேட்டு, அப்பாவோட தேஞ்ச மம்பட்டியை எடுத்துட்டு வரச் சொன்னாரு. நுனியில லாரி வில்லுப் பட்டைத் துண்டை வச்சு வெல்டிங் பண்ணி, வெட்டுற வாயைத் தட்டிக் கூராக்கிக் கொடுத்தாரு. அகல அலகு மணலுக்கும் வாய்க்காலுக்கும் சரி, கரிசலுக்கு ஒடுக்கமா இருந்தாத்தான் இறங்கும், ஒட்டுறதும் குறைச்சல்ங்கிறது அவரு கணக்கு. கருவேலங்கணை போட்டாரு. அப்பா குட்டை, நான் நெட்டை. என்னை நிக்கவச்சு அளந்து, நாலு விரக்கடை கூட்டினாரு. இடுப்பு வலி பாதி அதுலயே போச்சு.

கிளம்பும்போது சொன்னதுதான் பெருசு. அரை அடி ஆழத்து மண்ணை அள்ளி உருட்டணும். உருண்டையை இடுப்பு உயரத்துல இருந்து விடணும். சப்புன்னு அப்பிக்கிட்டா வீட்டுக்குப் போயிரணும். உருட்டவே வராம உதிர்ந்தாலும் அன்னைக்கு வேலை இல்ல. விழுந்து நாலஞ்சா உடைஞ்சா மம்பட்டியை எடுக்கலாம். எங்க கொல்லையில அந்தப் பதம் நிக்கிறது ரெண்டு மூணு நாள்தான். அதைத் தவறவிட்டா அடுத்த மழைதான்.

உங்க மண்ணுல எப்படி? பவர் வீடர், அதான் சுழலுற கத்தியால மண்ணைக் கிளறிக் களை எடுக்குற மெஷின், வாடகைக்கு எடுக்கலாமான்னு வேற ஒரு யோசனை ஓடுது.

மேலூர் செம்மண்:

தம்பி, உங்களுக்கு ஒட்டுற பிரச்சனை, எங்களுக்கு இறுகுற பிரச்சனை. மேல ரெண்டு அங்குலம் பொலபொலன்னு இருக்கும், அடியில காஞ்ச செம்மண்ணு மம்பட்டியைத் திருப்பி அனுப்பும். கல்யாணமாகி வந்த புதுசுல நான் கடப்பாரையால குத்திக் குத்தி உள்ளங்கை பூரா கொப்புளம். மாமியார் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் பாத்தி பூரா தண்ணியை விட்டுட்டுப் போயிட்டாங்க. மறுநாள் காலையில அதே இடம் உப்புமாக் கணக்கா வந்துச்சு. இன்னைக்கும் எனக்கு மம்பட்டியை விட முதல் சாமான் தண்ணிக் குழாய்தான். சரளை நிறைய இருந்தா மட்டும் பாரை எடுப்பேன்.

திருநகர் வீட்டுத்தோட்டம்:

கொடுத்து வச்சவங்க நீங்க. எங்க வீட்டு மனையில மண்ணே இல்ல. கிராவல், உடைஞ்ச செங்கல், டைல்ஸ் துண்டு, ஒரு தடவை முழுசா ஒரு குழாய் முழங்கை. கொத்தனாரோட மணல் சல்லடையைச் சாய்ச்சு நிறுத்தி, சாந்துச் சட்டியால அள்ளி வீசினேன். ஒரு பாத்தி ரெடியாக மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

சோழவந்தான் வண்டல்:

பவர் வீடர் பத்திக் கேட்டீங்களே அண்ணே, கொஞ்சம் பொறுங்க. போன வருஷம் நான் எடுத்தேன். ஒரு மணி நேரத்துல பூரா இடமும் மாவா ஆயிருச்சு. போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். பத்தாம் நாள் பார்த்தா பச்சைப் பாய் விரிச்ச மாதிரி கோரை!

கோரைக்குக் கீழ கிழங்கு சங்கிலி மாதிரி கோத்துக் கிடக்கும். மெஷின் கத்தி அந்தச் சங்கிலியை அறுத்து, கிழங்கைத் தனித்தனியா வயல் பூரா தூவி விட்டுருச்சு. ஒண்ணொண்ணும் தனிச் செடி. அருகம்புல்லும் இதே ஜாதிதான், துண்டு துண்டா வெட்டுனா அத்தனையும் தழையும். வாடகைக்கு விட்டவரு புல்லு இருக்கான்னு கேக்கல, நானும் சொல்லல.

அப்புறம் நாலு பல்லு முள்ளு ஒண்ணு வாங்கி, வெட்டாம நெம்பி நெம்பித் தூக்கிப் போட்டு, கையால கிழங்கு பொறுக்கினோம். மிச்சத்தைச் சித்திரை வெயில்ல காயவிட்டேன். பாதி போச்சு. மீதியோட இன்னும் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன். கோரை இல்லாத சுத்தமான இடம்னா மெஷின் நல்ல மெஷின்தான், அதைக் குறை சொல்லல. ஆனா உங்க கரிசல் ஈரமா இருக்கும்போது ஓட்டாதீங்க, கத்திக்கு அடியில மண்ணு தகடு மாதிரி இறுகிக்கும்.

ஒத்தக்கடை:

மண்ணுல இறங்குறதுக்கு முன்னாடி பரிசோதனைக்குக் கொடுக்குறவங்க இருந்தா ஒரு விஷயம். மம்பட்டியால வி வடிவத்துல 15 செ.மீ. குழி வெட்டி, அந்த மண்ணை வெளியில போட்டுட்டு, குழிச் சுவர்ல இருந்து மேலிருந்து கீழ சீவி எடுக்கணும். பத்து இடத்துல எடுத்துக் கலந்து, நாலாப் பிரிச்சு எதிரெதிர் ரெண்டைத் தள்ளி, அரைக் கிலோ வர்ற வரைக்கும் குறைச்சுக்கிட்டே வாங்க. எருக்குழி, வரப்பு, மர நிழல் பக்கம் எடுக்காதீங்க. இரும்பு, துத்தநாகம் மாதிரி நுண்ணூட்டம் பார்க்கணும்னா கடைசியா சீவுறதுக்கு மரக்குச்சியோ பிளாஸ்டிக்கோ வச்சுக்கோங்க. இரும்புச் சாமான் பட்டா கணக்குத் தப்பும்.

கள்ளிக்குடி கரிசல்:

சோழவந்தான் தம்பி, காலையில போய் ஓரத்துல தோண்டிப் பார்த்தேன். கோரை இருக்கு. மெஷின் நினைப்பை விட்டாச்சு. முந்தாநாள் நல்ல மழை, இன்னைக்கு உருட்டினேன், அப்பிக்கிச்சு. மம்பட்டியை மாட்டிட்டு வந்துட்டேன். நாளைக்கழிச்சு மறுபடி உருட்டணும். மேலூர் அக்கா, அந்த உப்புமாப் பதத்துக்கு ராத்திரி எவ்வளவு நேரம் தண்ணி விடுவீங்க? என் தங்கச்சி வீடு செம்மண்ணுதான், கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.